ஓரத்து நாற்காலி

சாக்ஸபோன் என்றதும் நம் ஊரில் பலருக்கு கத்ரி கோபால்நாத் ஞாபகத்துக்கு வருவார். 'டூயட்' படத்தில் மனதை உருக்கிய அந்த சாக்ஸபோன் அவர் வாசித்ததுதான். அவர் கையில் இருந்தது 'ஆல்டோ' வகை. அதற்கு ஓர் அண்ணன் உண்டு. உருவத்தில் பெரியவர், குரலில் கனத்தவர். ஆனால், மேடையில் அதிகம் கண்ணில் படாதவர். பெயர், பாரிடோன் சாக்ஸபோன்.

பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ், 1846-ல் பாரிஸில் சாக்ஸபோன் குடும்பத்துக்கே காப்புரிமை வாங்கினார். உடம்பு என்னவோ பித்தளைதான். ஆனாலும், ஊதும் இடத்தில் ஒரு நாணல் பட்டை அதிர்ந்து ஒலி பிறப்பதால், கிளாரினெட், ஓபோ போன்ற மரக்குழல் வாத்தியங்களோடுதான் இதைச் சேர்ப்பார்கள். பாரிடோனின் குழாய் ரொம்ப நீளம். அதனால் மேல்பகுதியை ஒரு வளையமாகச் சுருட்டியிருப்பார்கள். எடை ஐந்தாறு கிலோ இருக்கும். ஆல்டோவுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே பேசும். இன்றைய பாரிடோன்கள் பலவற்றில் கிடைக்கும் கடைசி ஸ்வரம், செல்லோவின் மிகத் தடித்த தந்தியிலிருந்து வரும் அதே ஸ்வரம்.

மேற்கத்திய செவ்வியல் இசை இதற்குக் கதவைப் பாதிதான் திறந்தது. சாக்ஸபோன் வருவதற்குள் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவில் யார் யார் எங்கே என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஆகவே, எப்போதாவது அழைக்கப்படும் விருந்தாளியாகவே இருந்தது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1904-ல் அரங்கேறிய 'சிம்ஃபோனியா டொமஸ்டிகா'வில், பாரிடோன் உட்பட நான்கு சாக்ஸபோன்களை எழுதினார். அதுவும் 'விருப்பப்பட்டால் சேர்க்கலாம்' என்ற கணக்கில்தான். ஜார்ஜ் கெர்ஷ்வின் 1928-ல் 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' இசையில் இடம் கொடுத்தார். 1932-ல் ரஷ்யரான கிளாஸுனோவ், நான்கு சாக்ஸபோன்களுக்கென்றே ஒரு படைப்பை எழுதினார். வயலின் குழுவில் செல்லோ செய்யும் வேலையை அங்கே பாரிடோன் செய்தது.

உண்மையில் அதற்கு வீடு கிடைத்தது ஜாஸ் இசையில்தான். பெரிய ஜாஸ் குழுவில் வழக்கமாக ஐந்து சாக்ஸபோன்கள் இருக்கும். இரண்டு ஆல்டோ, இரண்டு டெனர், ஒரே ஒரு பாரிடோன். பெரும்பாலும் ஓரத்து நாற்காலி. மற்றவர்கள் எழுந்து நின்று கைத்தட்டல் வாங்குவார்கள். இவர் கீழே இருந்து தாங்கிப் பிடிப்பார். இவர் வாசிப்பதை நிறுத்தினால், 'ஏதோ குறைகிறதே' என்று தோன்றும். எது என்று சட்டென்று சொல்லத் தெரியாது.

இந்த ஓரத்திலிருந்து எழுந்து முன்னுக்கு வந்தவர் ஜெர்ரி முல்லிகன். 1952-ல் லாஸ் ஏஞ்சலஸில் பியானோவே இல்லாத நால்வர் குழுவை அமைத்து, டிரம்பெட் வாசித்த செட் பேக்கருடன் பாரிடோனைச் சரிக்குச் சரி பேசவைத்தார். அந்த வாத்தியத்தால் கொஞ்சிப் பேசவும் முடியும் என்று உலகுக்குத் தெரிந்தது.

ஹாரி கார்னி வேறு வழியில் போனார். பாஸ்டனில் பிறந்த கார்னி, 1927-ல் தன் 17 வயதில் டியூக் எலிங்டன் குழுவில் சேர்ந்தார். 47 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். எத்தனையோ பேர் வந்தார்கள், கோபித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வந்தார்கள். கார்னி மட்டும் நகரவில்லை. ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும்போது எலிங்டன் பயணம் செய்ததும் கார்னி ஓட்டிய காரில்தான்.

'சஃபிஸ்டிகேட்டட் லேடி' பாட்டின் முடிவில் ஒரே ஸ்வரத்தை மூச்சு விடாமல் நீட்டிக்கொண்டே போவார். ரகசியம், வாயால் ஊதும்போதே மூக்கால் மூச்சை இழுப்பது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுபவர் கன்னத்தில் காற்றை நிறுத்திச் செய்வதும் இதேதான். நம் பேச்சில் 'ஒத்து ஊதுகிறான்' என்றால் ஏளனம். மணிக்கணக்கில் சுருதி விலகாமல் ஊதிப் பார்த்தவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

எலிங்டனுக்குத் தெரிந்திருந்தது. 1963-ல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் அந்தக் குழு இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகளுக்கு வந்தது. அந்தப் பயணத்தின் நினைவில் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் உருவாக்கிய 'ஃபார் ஈஸ்ட் சூட்' 1966-ல் பதிவானது. அதில் ஒரு பகுதியின் பெயர் 'ஆக்ரா'. தாஜ்மஹாலைப் பற்றியது. புல்லாங்குழலுக்கோ வயலினுக்கோ தரத் தோன்றும் விஷயம். எலிங்டன் அதை கார்னியின் பாரிடோனுக்குத் தந்தார். வெண்பளிங்கின் மினுமினுப்பைவிட, அதன் அடியில் உறங்கும் துக்கம் அந்தக் குரலில் கேட்கிறது.

1974 மே 24-ல் எலிங்டன் காலமானார். கார்னி அதே ஆண்டு அக்டோபர் 8-ல் போய்ச் சேர்ந்தார். இடையில் நாலரை மாதம்.

'ஆக்ரா' இணையத்தில் கிடைக்கிறது. ஒரே வேண்டுகோள், செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அது முதலில் தொலைத்துவிடுவது அடிக்குரலைத்தான். நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.