உறவுக்கு மார்க் போடலாமா?

ரிலேஷன்ஷிப் அசெஸ்மென்ட் ஸ்கேல் என்று ஒன்று உண்டு. சூசன் ஹெண்ட்ரிக் 1988-ல் வெளியிட்டது. மொத்தம் ஏழே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். ஜோடி எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமாம். 'தமிழ்ல மாத்திட்டா ப்ராஜெக்ட் முடிஞ்சுது' என்று நினைக்கும் சைக்காலஜி நண்பர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

நம்ம மயிலாப்பூர் பக்கத்தில் இருக்கும் நொச்சிக்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். மீன் விற்கிற அக்காவிடம் "உங்கள் உறவில் திருப்தியா?" என்று கேட்டால் என்ன ஆகும்? உறவு என்றால் சொந்தக்காரங்க. இல்லாவிட்டால் படுக்கை விஷயம். திருப்தி, சாப்பாட்டுக்குச் சொல்கிற வார்த்தை. 'துணைவர் தேவைகளை நிறைவேற்றுகிறாரா?' என்றால் அரிசி, ஸ்கூல் ஃபீஸ் என்று கணக்கு ஓடும். அஞ்சுக்கு எத்தனை என்றால் "பரவால்ல". அது ரெண்டா, நாலா? :-)

இதற்குத்தான் ரிச்சர்ட் ப்ரிஸ்லின் 1970-ல் எழுதிய முறை இருக்கிறதே என்பீர்கள். தமிழாக்கியதை இன்னொருவரை வைத்துத் திரும்ப இங்கிலீஷாக்கி ஒப்பிடுவது. நல்ல முறைதான். ஆனால் 'உறவு' சமர்த்தாக 'ரிலேஷன்ஷிப்' என்றே திரும்பி வரும். மொழிபெயர்த்த ரெண்டு பேரும் படித்தவர்கள். அக்காவுக்குப் புரிந்ததா என்று யார் பார்த்தது?

வார்த்தையைவிடப் பெரிய சிக்கல், கேள்விகள் ரெண்டு பேரை மட்டுமே பார்ப்பது. மீன் விற்ற காசு யார் கையில், வலைக்கு வாங்கின கடனை யார் அடைப்பது, மாமியார் என்ன சொல்கிறார்? இதெல்லாம் சேர்ந்ததுதானே குடித்தனம்!

இன்னொன்று. புருஷனைப் பற்றி வெளியாளிடம் குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர், தினம் அடி வாங்கினாலும் அஞ்சுக்கு அஞ்சு போடலாம். கவுன்சலிங்கில் அந்த மார்க்கை நம்பினால் 'பிரச்சினை இல்லை' என்று ஃபைலை மூடிவிடுவோம். நஷ்டம் நமக்கில்லை, அவருக்கு.

வழி இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத்தரத்தை அளக்க 100 கேள்விகள் கொண்ட தாளை உருவாக்கியபோது, 15 ஊர்களில் வேலை நடந்தது. அதில் சென்னையும் ஒன்று. முதலில் மக்களிடம் உட்கார்ந்து பேசி, அதிலிருந்து கேள்விகளை எடுத்தார்கள்.

நாமும் முதலில் "நல்லா குடித்தனம் பண்றாங்கன்னு யாரைச் சொல்வீங்க, ஏன்?" என்று கேட்போம். கேள்விகள் எழுதியபின் "இது உங்களுக்கு என்னன்னு புரிஞ்சுது?" என்றும் கேட்போம். அப்புறம் அமெரிக்க மார்க்கோடு ஒப்பிட முடியாதே என்றால், முடியாமல் போகட்டும். வேறு வேறு விஷயத்தை அளந்துவிட்டு ஒப்பிடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

நீங்க என்ன நினைக்கறீங்க?