பாதியில் எழுந்து போனவன் சொல்கிறேன்

சீசனின் முதல் ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி. தோற்றுவிட்டால், மறுநாள் காலை எங்கள் பெரம்பூர் நடைக்கூட்டம் துக்க வீட்டுத் திண்ணை மாதிரி ஆகிவிடும். நடப்பது குறைந்து நிற்பது கூடிவிடும். ஆறு பேரில் நான்கு பேர் மேட்ச் பார்த்திருப்பார்கள். பார்க்காத இரண்டு பேர்தான் அதிகம் பேசுவார்கள். "கோச்சை முதல்ல தூக்கணும் சார்" என்பார் ஒருவர். "டிபென்ஸ்ல ஆளே இல்லைன்னு நான் அப்பவே சொன்னேனே" என்பார் இன்னொருவர். எப்போது சொன்னார் என்று எங்களில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மூன்றாமவர், "இந்த வருஷம் அவ்ளோதான், விடுங்க" என்று சீசனையே முடித்து வைத்துவிடுவார். இன்னும் நாலு மாச ஆட்டம் பாக்கி இருக்கும்.

(இந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'சென்னையின்' என்று ஆரம்பித்து, சென்னையின் என்ன என்று சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள். தமிழாசிரியர் யாராவது பார்த்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பார். பத்து வருஷமாகிவிட்டது, இப்போது அந்தப் பாதிப் பெயரே பழகிவிட்டது.)

அந்த மூன்று பேரையும் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. நான் அவர்களையும் மிஞ்சியவன். வாயால் அல்ல, காலால்.

2017 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. நேரு ஸ்டேடியத்தில் சீசனின் முதல் ஆட்டம், எதிரே எஃப்.சி. கோவா. அப்போது பேரனுக்குப் பதினோரு வயது. பெரியமேட்டுப் பிளாட்பாரத்தில் பேரம் பேசி வாங்கிய நீலச் சட்டை அவனுக்கு முழங்கால் வரை தொங்கியது. போன வருஷம் எட்டு அணிகளில் ஏழாவதாக வந்து மானம் போயிருந்தது. இந்த வருஷம் இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவுக்கு மேனேஜராக இருந்த ஜான் கிரிகரி கோச்சாக வந்திருக்கிறார், பாதிக்கு மேல் புது ஆட்கள். எட்டு மாதமாகச் சேர்த்து வைத்த ஆசையோடு போனோம். முதல் ஆட்டத் தோல்வி மற்றத் தோல்விகளை விட அதிகமாக வலிப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். பத்தாவது ஆட்டத்தில் தோற்றால் ஒரு ஆட்டம்தான் போகிறது. முதல் ஆட்டத்தில் தோற்றால் அத்தனை மாதக் கற்பனையும் சேர்ந்து போகிறது.

அரை மணிக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும், கோவா மூன்று கோல் போட்டுவிட்டது. முதலில் கோரோ, அடுத்து லான்சரோட்டே, பிறகு மந்தார் ராவ். மூன்றாவது விழுந்தபோது என் பக்கத்தில் இருந்தவர் கையிலிருந்த சமோசாவைக் கடிக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை விசில் ஊதியதும் நான் செருப்பை மாட்டினேன்.

"தாத்தா, பாதிதானே முடிஞ்சிருக்கு?"

"இனிமே என்னடா இருக்கு பார்க்க? கூட்டத்துல மாட்டிக்காம இப்பவே கிளம்பினா டிரெயின்ல உட்கார இடம் கிடைக்கும்."

அவன் எழவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன், அதுதான் உண்மை. வெளியே வந்து கண்ணப்பர் திடல் பக்கம் திரும்பும்போதும் உள்ளே இளவட்டங்கள் அடிக்கும் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று கோல் வாங்கிவிட்டு எதற்கு மேளம் என்று அப்போது எரிச்சலாக இருந்தது.

மூர் மார்க்கெட் வளாகத்தில் ரயில் ஏறினோம். சொன்னபடி உட்கார இடம் கிடைத்தது. எதிரே ஒரு இளைஞர் போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் எட்டி எட்டிப் பார்த்தான். வண்டி கிளம்பும்போது அவர், "ஒண்ணு போட்டாச்சு தம்பி, கால்டெரோன்" என்றார். பேசின் பிரிட்ஜில் வழக்கம்போல் சிக்னலுக்கு நிறுத்தினார்கள். வட சென்னைக்காரர்களுக்கு அந்த நிறுத்தத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அங்கே நிற்கும்போதுதான் இரண்டாவது விழுந்தது, பெனால்டியில் ரஃபேல் அகஸ்டோ. 2-3. இன்னும் சில நிமிடம் பாக்கி. பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். முப்பத்தைந்து வருஷம் ஐ.சி.எப்.பில் வேலை பார்த்திருக்கிறேன், எத்தனையோ அதிகாரிகள் முறைத்திருக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை.

2-3 என்றே ஆட்டம் முடிந்தது. அதாவது, கணக்குப்படி நான் சொன்னதுதான் நடந்தது, தோற்றார்கள். ஆனால் நாங்கள் விட்டுவிட்டு வந்தது தோல்வியை அல்ல, இரண்டு கோலை. வீடு வரும்வரை பையன் பேசவில்லை. இரவு சாப்பாட்டுக்கு அவன் பாட்டியிடம் மட்டும், "தாத்தாவோட இனிமே போக மாட்டேன்" என்றான்.

அந்த வருஷம் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த ஆட்டத்தில் நார்த்ஈஸ்டை 3-0. டிசம்பரில் பெங்களூரு அணியை அவர்கள் ஊரிலேயே 2-1. அதில் கடைசி நேரத்தில் வெற்றி கோல் போட்டவர் தனபால் கணேஷ், நம்ம வியாசர்பாடிப் பிள்ளை. பேசின் பிரிட்ஜுக்கு அடுத்த ஸ்டேஷன்! லீக்கில் இரண்டாவதாக வந்து அரையிறுதிக்குப் போனால், எதிரே அதே கோவா. அங்கே 1-1 டிரா. இங்கே நேரு ஸ்டேடியத்தில் 3-0. ஜெஜே இரண்டு, தனபால் கணேஷ் ஒன்று. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் இறுதிப்போட்டி. ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டும், மைல்சன் ஆல்வெஸ் இரண்டு, அகஸ்டோ ஒன்று என்று திருப்பிக் கொடுத்து, 3-2 என்று கோப்பையை எடுத்து வந்தார்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2015-லும் இதே கதைதான். அந்த வருஷமும் முதல் ஆட்டம் இதே மைதானத்தில், அட்லெட்டிகோ டி கொல்கத்தாவிடம், அதே 2-3 தோல்வி. நவம்பரில் பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்தார்கள். பிறகு எழுந்து அரையிறுதிக்கு வந்தால், எதிரே அதே கொல்கத்தா. டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கியிருந்ததால் நம் ஊரில் நடக்க வேண்டிய ஆட்டத்தைப் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போய் 3-0 ஜெயித்தார்கள். இறுதிப்போட்டியில், கோவாவில் கோவாவை, கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் இரண்டு கோல் விழுந்து 3-2. தோற்றது 2-3, ஜெயித்தது 3-2, இரண்டு வருஷமும். வீட்டில் தண்ணீர் வடிந்து பாயைக் காயவைத்துக்கொண்டிருந்த நாட்களில் வந்த செய்தி அது. மெண்டோசா என்ற பெயரை அதற்கு முன் கேள்விப்படாதவர்கள்கூட எங்கள் தெருவில் அன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி இரண்டு தடவை நடந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "முதல் மேட்ச் தோத்தா கப்பு நமக்குத்தான்" என்று ஒரு சாஸ்திரமே உண்டாக்கிவிட்டார்கள். 2018 செப்டம்பர் 30 அன்று பெங்களூருவிடம் 0-1 என்று முதல் ஆட்டத்தில் தோற்றபோது நடைக்கூட்டத்தில் ஒருவர் மிட்டாய் கொடுக்காத குறை. "நல்ல சகுனம் சார்!" அடுத்த ஆட்டம் கோவாவிடம் 1-3. அதற்கடுத்து நார்த்ஈஸ்டிடம் 3-4. அந்த சீசன் முழுவதும் பதினெட்டு ஆட்டத்தில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது இடம். நடப்புச் சாம்பியன்! சகுனக்காரர் பிறகு இரண்டு வாரம் வேறு பக்கமாக நடக்கப் போனார்.

ஆகவே முதல் ஆட்டம் ஜாதகம் அல்ல. நல்லதையும் சொல்லாது, கெட்டதையும் சொல்லாது. இந்த லீக்கில் அதற்கு வெளிப்படையான காரணமும் இருக்கிறது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் சீசனுக்குச் சில வாரம் முன்புதான் வந்து சேருகிறார்கள். பிரேசில்காரர், ஸ்பெயின்காரர், மிசோரம் பையன், வியாசர்பாடிப் பையன், நான்கு பாஷை. பந்து இங்கே வரும் என்று ஒருவன் ஓடுவான், அடிப்பவன் அங்கே அடிப்பான். இது கூடி வர நாளாகும். எங்கள் தொழிற்சாலையில் புதிதாக நாலு பேரை ஒரு கேங்கில் போட்டால் முதல் வாரம் ஒருவர் கையை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். மூன்றாவது வாரம் பேசாமலே ஸ்பானரை நீட்டுவார்கள். பார்த்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் கோச்சைத் தூக்கச் சொல்பவர்கள் எல்லாம் முட்டாள்களா? அப்படியும் சொல்ல முடியவில்லை. 2019-ல் அவர்கள் சொன்னதுதான் பலித்தது. அந்த சீசன் கோவாவிடம் 0-3 என்று ஆரம்பித்து, முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட விழவில்லை. கோப்பை வாங்கிக் கொடுத்த அதே கிரிகரி, ஆறு ஆட்டத்துக்குப் பிறகு விலகினார். ஓவன் காயில் வந்தார். அதே ஆட்களை வைத்துக்கொண்டு, அடிமட்டத்திலிருந்து இறுதிப்போட்டி வரைக்கும் போனார்கள். கொரோனா பயத்தில் ஆளில்லாத மைதானத்தில் நடந்த ஆட்டம் அது, ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றார்கள். எனவே கோச்சைக் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ஆட்டத்தை வைத்துக் கேட்காதீர்கள், ஆறு ஆட்டம் பொறுத்துக் கேளுங்கள் என்கிறேன். அந்த ஆறையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

திட்டுவது பற்றி எனக்கு ஆட்சேபணையே கிடையாது. நாங்கள் திட்டாத திட்டா? எங்கள் ஐ.சி.எப். அணி லீக் ஆடும் நாட்களில், ஷிப்ட் முடித்து, டிபன் கேரியரோடு மைதானத்துக்குப் போவோம். வெறும் கோல்போஸ்டுக்கு முன்னால் பந்தை வானத்துக்கு அனுப்பினால் எங்கள் வரிசையிலிருந்து சத்தம் கிளம்பும். "இதுக்காடா உனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா?" "நாளைக்கு செக்‌ஷனுக்கு வா, வெச்சிக்கிறேன்!" அவன் மறுநாள் செக்‌ஷனுக்கு வருவான். கேன்டீனில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவான். நேற்றுத் திட்டியவனே சட்னியைத் தள்ளி வைப்பான். "முழங்கால் எப்படிடா இருக்கு?" என்று கேட்பான். திட்டியவனுக்கும் வாங்கியவனுக்கும் நடுவில் ஒரு முகம் இருந்தது. ஒரு நாளும், எத்தனை கோல் வாங்கினாலும், கடைசி விசிலுக்கு முன்னால் நாங்கள் எழுந்து போனதாக எனக்கு நினைவில்லை. எழுந்து போனால் மறுநாள் அவன் முகத்தில் விழிக்க வேண்டுமே.

டிக்கெட் வாங்கிப் போன இடத்தில் எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது. காசு கொடுத்தேன், சரக்கு நன்றாக இல்லை, கிளம்புகிறேன் என்று புறப்பட்டுவிட்டேன். ஓட்டலில் அப்படிச் செய்யலாம். பாதிப் பெயர் வைத்த அணியென்றாலும் நம் ஊர் அணியிடம் அப்படிச் செய்திருக்கக் கூடாது. அன்று எனக்கு எரிச்சலூட்டிய மேளக்காரப் பையன்கள், மூன்று கோல் கீழே கிடந்தபோதும் நின்றுகொண்டே பாடியவர்கள், அவர்கள்தான் எங்கள் பழைய வரிசையின் வாரிசுகள். அவர்களுக்கு இருபது வயது. ஐ.சி.எப். அணியை அவர்கள் பார்த்ததில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

பேரன் இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். "தாத்தாவோட போக மாட்டேன்" என்ற சபதத்தை அடுத்த வருஷமே கைவிட்டுவிட்டான். அந்த ஒன்பது புள்ளி சீசனில் இருவருமாக மூன்று ஆட்டம் போனோம். ஒவ்வொன்றிலும் கடைசி விசில் வரை உட்கார்ந்தோம். அதில் சிலது பார்க்கவே முடியாத ஆட்டம், அதையும் சொல்லிவிடுகிறேன். கொரோனாவுக்குப் பிறகு என் முழங்கால் ஸ்டேடியப் படி ஏறச் சம்மதிக்கவில்லை. டி.வி.யோடு சரி.

ஆனால் ஒன்று மாறவில்லை. நம் அணி இடைவேளையில் பின்தங்கியிருந்தால் சரியாக அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் கோயம்புத்தூரிலிருந்து போன் வரும். ஹலோகூடச் சொல்ல மாட்டான்.

"தாத்தா, செருப்பு மாட்டிட்டியா?"

"இல்லடா, உட்கார்ந்துதான் இருக்கேன்" என்பேன். ரிமோட்டையும் எட்டாத தூரத்தில்தான் வைத்திருக்கிறேன்.