துவக்கைத் திருத்துவதா? கையைத் திருத்துவதா?

ஐக்கிய அமெரிக்காவிலே சிறு கடையொன்றை நடத்திவரும் எம்மவர் ஒருவர் அண்மையில் எமக்கு ஒரு மடல் வரைந்திருந்தார். நள்ளிரவை அண்டிக் கடையைப் பூட்டி, அன்றைய வரும்படியைப் பையிலிட்டுக்கொண்டு, தனியே கார் நிற்குமிடத்துக்கு நடக்கவேண்டியவர் அவர். இடுப்பில் மறைத்துச் செல்லத்தக்க சிறு கைத்துப்பாக்கியொன்றை வாங்கத் தீர்மானித்துவிட்டார். எதை வாங்குவது? வாங்கியபின் அதில் எந்தெந்தப் பாகங்களை மாற்றித் திருத்துவது? இவையே அவருடைய கேள்விகள். மடலின் இறுதியிலே வீட்டுச் செய்தியாக இரண்டு வரிகள் இருந்தன. இளைய மகளுக்கு நான்கு வயது நிரம்பிவிட்டதாம். மூத்த மகன் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு, எவருடனும் பேசாது அறைக்குள்ளேயே கிடக்கிறானாம். அவருடைய கேள்விகளுக்குரிய விடை அந்தக் கடைசி இரண்டு வரிகளிலேதான் இருக்கிறது என்பது எமது துணிபு.

துவக்கைப் பற்றி எழுத எமக்கென்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். கடலுக்கப்பால் வாழும் உறவினர் இல்லாத வீடு எம்மிடையே இன்று அரிது. அவர்கள் வாழும் நாட்டின் வழக்கங்கள் அவர்களுடைய வீட்டுக்குள்ளும் புகுகின்றன. அமெரிக்காவிலே துவக்கு வைத்திருப்பது தனிமனிதனின் உரிமை என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. பொதுவிடத்தில் அதைத் தாங்கிச் செல்வதும் உரிமையே என்று 2022 ஜூன் 23ஆம் நாள் தீர்ப்பளித்த அதே மன்றம், தனிப்பட்ட தேவையை நிரூபித்தாலன்றி அனுமதியில்லை என்றிருந்த நியூயோர்க் மாநிலத்தின் நிபந்தனையைத் தள்ளிவிட்டது. 2024இலே 29 மாநிலங்களில், அனுமதிப்பத்திரம் எதுவுமின்றியே மறைத்துத் தாங்கிச் செல்லச் சட்டம் இடமளித்திருந்தது. ஆகவே எமது நண்பர் சட்டவிரோதமான எதையும் கேட்கவில்லை. சட்டம் தடுக்காத ஒன்றைச் செய்வதா விடுவதா என்பதைத் தன் அறிவு கொண்டே ஒருவன் தீர்மானிக்கவேண்டும். அந்த அறிவுக்குத் துணைபுரிவது எமது கடமையாகும்.

முதலில் தெரிவைப் பார்ப்போம். ஒஸ்திரியா நாட்டிலே 1982இல் இராணுவத்தினர் ஏற்றுக்கொண்ட கிளொக் 17 என்னும் கைத்துப்பாக்கியைச் சற்றுக் குறுக்கி, 1988இல் வெளிவந்ததே கிளொக் 19 ஆகும். ஒன்பது மில்லிமீற்றர் ரவைகள் பதினைந்தை அதன் ரவைக்கூடு கொள்ளும். வெறுமையாக நிறுத்தால் ஏறத்தாழ 600 கிராம். பின்னர் 2018இல் வந்த சிக் சவர் பி 365 இன்னும் சிறியது. பத்து ரவை கொள்ளும் அது மெல்லிய சட்டைக்குள்ளும் மறைந்துவிடும். சிறியதே சிறந்ததென்று வாங்குவோர் பலர். ஆனால் சிறுமைக்கு ஒரு விலை உண்டு. ஒரே ரவையை இலேசான துவக்கிலிருந்து சுடும்போது கையை உதைக்கும் உதையும் மிகுதி. குழல் குறுகினால் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையிலுள்ள தூரமும் குறுகுவதால் குறிபார்ப்பதில் நேரும் சிறு பிழை பெரும் பிழையாகும். வெயில் காலத்தில் வீட்டில் விட்டுச் செல்லத் தூண்டுமளவு பெரிதாகவும் இருத்தல் கூடாது. பயிற்சிக்குச் செல்ல மனம் கூசுமளவு உதைப்பதாகவும் இருத்தல் கூடாது. இவ்விரண்டுக்கும் இடையில் தன் கை அளவுக்குப் பொருந்துவதைச் சுட்டுப் பார்த்தே வாங்குதல் வேண்டும். பிறர் புகழ்ச்சியைக் கேட்டு வாங்குவது, பிறர் காலுக்கு அளவெடுத்துச் செருப்பு வாங்குவதை ஒக்கும்.

பெரிய ரவையே பலமானது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. அமெரிக்கச் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகம் இவ்வெண்ணத்தைப் பட்டறிந்து கைவிட்டது. 1986இல் மயாமி நகரில் நடந்த மோதலிலே தன் ஊழியர் இருவரை இழந்த அப்பணியகம், பெரிய ரவைகளை நாடிச் சென்றது. பின்னர் 2014இலே அதன் பயிற்சிப் பிரிவு ஒன்பது மில்லிமீற்றருக்கே மீளலாம் என்று எழுதிற்று. புதிய ரவைகளின் அமைப்பு திருந்திவிட்டது என்பது ஒரு காரணம். பெரும்பாலானோர் அதனை விரைவாகவும் குறிதவறாமலும் சுடுகின்றனர் என்பது மற்றது. தொழிலாகத் துவக்கேந்துவோர் இருபது முப்பது ஆண்டுகளிற் கற்ற பாடம் இது. கடைக்காரர் அதைத் தம் காசைக் கொட்டி மீண்டும் கற்கவேண்டியதில்லை.

இனித் திருத்தங்களுக்கு வருவோம். இன்றைய சந்தையிலே ஒரு கைத்துப்பாக்கியின் விலைக்கு மேலாகவே அதன் உதிரிப்பாகங்களுக்குச் செலவிடலாம். இருளில் ஒளிரும் குறிமுனைகள், செம்புள்ளி காட்டும் கண்ணாடி, குழலின் கீழே பூட்டும் மின்விளக்கு, இலகுவாக இழுபடும் விசை என்று பட்டியல் நீளும். எல்லாம் வீண் என்று நாம் கூறமாட்டோம். இருளில் நடப்பவனுக்கு ஒளிரும் குறிமுனை பயன்படும்; ஆயினும் அதிலுள்ள திரிற்றியம் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளிலே தன் ஒளியிற் பாதியை இழந்துவிடும் என்பதை அறிந்து வாங்கவேண்டும். செம்புள்ளி பார்வை மங்கியோருக்கு உதவும். பற்றறியை மாற்ற மறந்தாலோ அதுவும் இல்லை.

விசையை இலேசாக்குவதை மட்டும் நாம் வன்மையாக மறுக்கிறோம். கிளொக் போன்றவற்றிலே கையால் பூட்டும் தனிப் பூட்டு இல்லை. விரல் விசையை அழுத்தினால் வெடிக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதை இழுக்க ஏறத்தாழ ஐந்தரை றாத்தல் பலம் வேண்டும். அதை மூன்றரையாக்கித் தருவோர் இருக்கின்றனர். பந்தயத்திலே இலக்கைச் சுடுவோனுக்கு அது நன்று. அச்சத்தில் நடுங்கும் விரலுக்கு அது நன்றாகுமா? வேண்டாத வேளையில் வெடித்துவிட்டால், எதற்காக இதை இலேசாக்கினீர் என்று எதிர்த்தரப்பு அப்புக்காத்து கேட்பாரே. அதற்கு என்ன மறுமொழி கூறுவது?

செலவிடவேண்டிய முதற்காசு உறைக்கே உரியது. விசையை முற்றாக மூடுகின்ற, துவக்கைச் செருகும்போது வாய் சுருங்காத, விறைப்பான உறை வேண்டும். பழகி நைந்த தோலுறையின் மடிப்பு விசைக்குள் சிக்கித் தம் தொடையையே சுட்டுக்கொண்டோர் உண்டு. இரண்டாவது காசு ரவைக்கும் பயிற்சிக்கும் உரியது. இங்கே ஓர் உண்மையை மறக்கலாகாது. 2012 ஓகஸ்ட் 24ஆம் நாள், நியூயோர்க்கின் எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தின் முன்னே, ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு வந்தவன் பொலிசார் இருவர்மீது துவக்கை நீட்டினான். பொலிசார் பதினாறு வெடி வைத்தனர். அவன் வீழ்ந்தான், ஆயினும் வழிப்போக்கர் ஒன்பது பேர் பொலிசாரின் ரவைகளாலும் அவற்றின் சிதறல்களாலும் காயமுற்றனர். பயிற்சி பெற்ற பொலிசார் கதியே அதுவாயின், கண்ணாடியின் முன் நின்று பழகிய கடைக்காரரின் கதி யாது? குறி தவறிய ரவை ஒவ்வொன்றும் எங்கோ சென்று தங்கத்தான் செய்யும். அது தங்குமிடத்துக்குச் சுட்டவனே பொறுப்பாளி.

மூன்றாவது காசு, நாம் முதலாவதாகவே வைக்க விரும்புவது, பூட்டுப் பெட்டிக்கு உரியது. மடலின் கடைசி வரிகளுக்கு இப்பொழுது வருகிறோம். 2014 டிசம்பர் இறுதியிலே ஐடஹோ மாநிலத்துப் பேரங்காடியொன்றில், இளந்தாயொருத்தி தன் இரண்டு வயதுக் குழந்தையைத் தள்ளுவண்டியில் இருத்திப் பொருள் வாங்கிக்கொண்டிருந்தாள். துவக்கு வைப்பதற்கென்றே தனியறை தைக்கப்பட்ட கைப்பை பக்கத்தில் இருந்தது. குழந்தையின் கை அதற்குள் நுழைந்தது. ஒரே வெடியில் தாய் மாண்டாள். பையும் திருத்தமானது, துவக்கும் பழுதற்றது. உடலை விட்டு ஒரு முழம் விலகியதே குற்றம்.

அதனினும் பெரியது வேறொன்று. அமெரிக்காவிலே 2021இல் துவக்கினால் இறந்தோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கிய துவக்கு வீட்டாரையே அதிகம் காவுகொள்ளும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா? மனம் நொந்தவர்களிற் பலர் ஓரிரவு கடந்தால், ஒரு நல்ல வைத்தியரைக் கண்டால், மீண்டு வாழ்கின்றனர். துவக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலோ, அந்த ஓரிரவு கடப்பதற்கு இடமிருப்பதில்லை.

வன்னியிலே பன்றியிடமிருந்து பயிரைக் காக்க அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருந்த கமக்காரரை நம்மிற் பலர் அறிவர். குழலுக்கு வெள்ளி கட்டி அழகு பார்க்க அவர் நினைத்ததில்லை. கமத்தால் வந்ததும் ரவையைக் கழற்றி, துவக்கை ஓரிடத்திலும் ரவையை வேறோரிடத்திலும் வைப்பார். வீட்டில் சச்சரவோ துக்கமோ நேர்ந்தால், சில நாளைக்கு அதை அயல்வீட்டுப் பெரியவரிடம் ஒப்படைத்துவிடுவார். எந்தக் கடையிலும் விற்கப்படாத திருத்தம் அது.

நண்பரே, உமக்குரிய எமது விடையைத் தயக்கமின்றிக் கூறுகிறோம். மகன் தேறும்வரை எந்தத் துவக்கும் அந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. அதற்கென ஒதுக்கிய பணத்திலே கடை வாசலுக்கு நல்ல வெளிச்சம் போடும். பணத்தைக் கையில் கொண்டு செல்லாது கடையிலேயே இரும்புப் பெட்டகத்திற் போட ஒழுங்கு செய்யும். கடை பூட்டும் வேளையில் இன்னொருவரை உடன் நிற்கச் செய்யும். எஞ்சியதை மகனுடைய வைத்தியத்துக்குச் செலவிடும். அவன் தேறிய பின்னரும் வேண்டுமென்று தோன்றினால், கைக்குப் பொருந்துவதை வாங்கி, பூட்டுப் பெட்டியையும் விறைத்த உறையையும் உடன் வாங்கி, விசையைத் தொடாது விட்டு, மாதந்தோறும் பயிற்சிக்குச் செல்லும். உரிமை எங்கும் ஓடிவிடாது. இன்றிரவு மகனின் அறைக்கதவைத் தட்டி, அவன் பக்கத்தில் சற்று நேரம் இரும்.