‘போர்மட் சரியில்லை’ என்று திரும்பி வரும் தமிழ்

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு மின்னஞ்சல் வசனம் மனப்பாடம். உங்கள் கட்டுரை வடிவமைப்பு விதிகளுக்கு அமைவாக இல்லை, திருத்தி மீள அனுப்பவும். எந்த விதி, எந்தப் பக்கம், என்ன பிழை என்று அதில் ஒருநாளும் இருக்காது. கூடவே ஒரு வேர்ட் கோப்பு வரும். அதுதான் ரெம்ப்ளேட். திறந்து பார்த்தால் எல்லாமே ஆங்கிலத்தில்: ரைம்ஸ் நியூ ரோமன், 12 புள்ளி, ஒன்றரை வரி இடைவெளி, நூல் தலைப்புகள் இற்றாலிக்கில், உசாத்துணைகள் ஏ.பி.ஏ. முறையில், 8 பக்கத்துக்கு மேற்படக்கூடாது.

தமிழ்க் கட்டுரைக்கு ரைம்ஸ் நியூ ரோமன்! அந்த எழுத்துருவில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. நீங்கள் அதைத் தெரிவு செய்துவிட்டுத் தமிழில் ரைப் பண்ணினால், வேர்ட் சத்தம் போடாமல் லதாவையோ நிர்மலாவையோ எடுத்து வைத்துக்கொள்ளும். அளவும் நீங்கள் கொடுத்த 12 ஆக இருக்கவேண்டும் என்றில்லை. தமிழுக்கான எழுத்துருவும் அளவும் ‘கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற வேறொரு பெட்டியில் இருக்கின்றன. அப்படி ஒரு பெட்டி இருப்பதே பலருக்குத் தெரியாது. ரெம்ப்ளேட் செய்தவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறோம். தெரிந்திருந்தால் விதியில் ஒரு வரி எழுதியிருப்பார்.

"இது சின்ன விசயம், இதுக்குப் போய் ஒரு கட்டுரையா?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். மாநாட்டுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு கட்டுரை தொகுப்பில் வருகிறதா இல்லையா, வந்தாலும் யாருக்காவது கிடைக்கிறதா என்பதை இந்தச் சின்ன விசயம்தான் தீர்மானிக்கிறது.

எங்கட மட்டத்தில் ஒரு தோழி கரைவலைத் தொழிலில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்தாள். கரையோரக் கிராமமொன்றில் மாதக்கணக்காகப் போய் இருந்து, அவர்களோடு பேசி, பேசியதை அவர்களது வார்த்தைகளிலேயே எழுதினாள். கட்டுரை மதிப்பீட்டில் தேறியது. மாநாட்டில் வாசித்தாள், கேள்விகளும் வந்தன. பிறகு பதிப்புக்கான பிரதி மூன்று தரம் திரும்பி வந்தது. முதல் தரம் பக்கம் கூடிவிட்டது. இரண்டாந்தரம் பொன்ட் பிழை. மூன்றாந்தரம் ‘போர்மட்’, அவ்வளவுதான். கடைசியில் தொகுப்பில் வந்தது 250 சொல்லில் ஆங்கிலச் சுருக்கம் மட்டும். சம்மாட்டி என்ற சொல் அதில் ‘படகு உரிமையாளர்’ என்று ஆகிவிட்டது. முற்பணம் கொடுத்து ஆளையும் மீனையும் தன் பக்கம் கட்டிவைத்திருப்பவரை, ஒரு படகைச் சொந்தமாக வைத்திருப்பவர் என்று சுருக்கியாயிற்று. கட்டுரையின் வாதமே அந்தச் சொல்லுக்குள்தான் இருந்தது. அந்தப் பெண்கள் சொன்ன ஒரு வசனம்கூட அச்சில் இல்லை.

இதற்கு யாரும் கெட்ட எண்ணத்தோடு திட்டம் போடவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் கோபம். எதையும் யோசிக்காமலே ஒரு மொழியை வெளியில் நிறுத்த முடிகிறது.

பக்கக் கணக்கை எடுங்கள். லதாவில் ரைப் பண்ணிய தமிழ் அகலமானது, வரிக்கு வரி இடைவெளியும் தானாகவே கூடும். ஆங்கிலத்தில் 8 பக்கத்தில் அடங்கும் விசயம் தமிழில் அடங்காது. சொல் எண்ணிக்கையில் மட்டுப்படுத்தினால் கதை நேர்மாறு. ‘செய்துகொண்டிருந்திருக்கலாம்’ என்பது எங்களுக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதற்கு நாலு சொல் வேண்டும். ஆகவே சொல்லெண்ணிக்கையில் நாங்கள் லாபக்காரர். அந்த லாபத்தை மறைக்க விரும்பவில்லை. எங்களுக்கு வேண்டியது, ஒரு மொழியின் அளவுகோலை எடுத்து இன்னொரு மொழியை அளக்கேக்க ஒருதரமாவது யோசிக்கிற ஆள்.

அடுத்தது இற்றாலிக். தமிழ் எழுத்துக்குச் சாய்வு வடிவம் என்று ஒரு மரபு இல்லை. லதாவிலும் நிர்மலாவிலும் அப்படி வடிவமே கிடையாது. வேர்ட் நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துச் சாய்த்து வைக்கும். கொம்பும் காலும் சுழியும் ஒன்றோடொன்று முட்டி, நூற்பெயரை வாசிக்கக் கண்ணைச் சுருக்கவேண்டும். எங்கட பழைய சஞ்சிகைகளும் புத்தகங்களும் நூற்பெயரை மேற்கோள் குறிக்குள்ளோ தடித்த எழுத்திலோ போட்டு நன்றாகத்தான் சமாளித்தன.

பெயர் விசயம் இன்னும் மோசம். ஏ.பி.ஏ. முறையில் குடும்பப் பெயர் முன்னால், மற்றதெல்லாம் முதலெழுத்து. எங்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை. தகப்பன் பெயர்தான் இருக்கிறது. கா. சிவத்தம்பி, க. கைலாசபதி என்று எழுதும் பழைய முறையில் பிரச்சினை இல்லை. ‘சிவத்தம்பி, கா.’ என்று திருப்பிப் போட்டாலும் எழுதியவர் எழுதியவராகவே இருப்பார். ஆனால் மாலதி என்று ஒருத்தி தகப்பன் இராசையாவின் பெயரைப் பின்னால் சேர்த்து மாலதி இராசையா என்று எழுதினால், உசாத்துணைப் பட்டியலில் அவள் ‘இராசையா, மா.’ ஆகிவிடுவாள். ஆய்வு செய்தது மகள், பட்டியலில் நிற்பது அப்பா. கலியாணம் கட்டிய பிறகு புருசனின் பெயரைச் சேர்த்தால் அதே ஆள் இன்னொரு இடத்தில் இன்னொரு எழுத்தில் வருவாள். பெண்ணிய ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல்களிலேயே இது நடக்கிறது, ஒருவரும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

இதற்கெல்லாம் மேலே பாமினி. இதை விளங்கப்படுத்தாமல் விட்டால் எங்கட ஆத்திரம் விளங்காது.

பாமினி எழுத்துருவில் நீங்கள் ‘தமிழ்’ என்று எழுதும்போது கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் உருவம் வரையப்பட்டிருக்கிறது, அவ்வளவே. எழுத்துருவை மாற்றினால் தமிழ் மறைந்து ஆங்கிலக் குப்பை தெரியும். இந்தக் கோப்பைப் பிடிஎவ் ஆக்கி இணையத்தில் ஏற்றினால் கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு ஜேகேபிஓ. கூகிளில் ‘கரைவலை’ என்று தேடுகிற ஒருவருக்கு அந்தக் கட்டுரை வரவே வராது. பட்டியலை அகரவரிசைப்படுத்தச் சொன்னால் இன்னொரு கூத்து. பாமினியில் ய என்பது ஆங்கில ஏ, க என்பது எவ், அ என்பது எம். ஆகவே யமுனா முதலில், அதற்குப் பிறகு கமலா, கடைசியில்தான் அமுதா. யுனிகோட்டிலும் எழுத்துகள் எண்ணிட்ட ஒழுங்கு எங்கட நெடுங்கணக்கு ஒழுங்கு இல்லை, நகரத்துக்குப் பக்கத்திலேயே னகரம் நிற்கும். அதனால் கையால் சரிபார்க்க வேண்டும். ஆனால் அது சரிபார்க்கக்கூடிய பிழை. பாமினி தருவது ஒழுங்கே இல்லை.

தமிழ் யுனிகோட்டில் 1991 இலிருந்து இருக்கிறது. இந்த நாட்டிலேயே 2008 இல் தமிழுக்கான தரநிர்ணயம் எஸ்.எல்.எஸ். 1326 வந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே ஃபோனில் ரைப் பண்ணுவது யுனிகோட்டில்தான். ஆய்வுக் கட்டுரையையும் அதிலேதான் எழுதுகிறோம். பிறகு தொகுப்புக் குழு பாமினியில் கேட்கிறது, ஏனென்றால் அச்சகத்தில் பக்கம் அமைப்பவரிடம் இருப்பது பாமினி. சரி என்று மாற்றிக் கொடுக்கிறோம். மாற்றியில் போட்டால் ஸ்ரீ உடையும், இடையில் வரும் ஆங்கில நூற்பெயர்கள் அர்த்தமில்லாத தமிழாகும். கம்பஸ் வாசலில் உள்ள போட்டோகொப்பிக் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டி அதைச் சரிபண்ணுவிக்கிறோம். அந்தக் கடை அண்ணா ‘ஒல்லாந்தர்’ என்பதை ‘ஓலாந்தர்’ ஆக்குவார், அது தனிக்கதை. அச்சான பிறகு அதே குழு இணையத்தில் போடுவதற்கு யுனிகோட் பிரதி கேட்கும்!

"ஆங்கிலத்தில எழுதினா இந்தப் பிரச்சினை ஒண்டும் வராதே?" இந்தக் கேள்வியை அன்போடு கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எங்கட நன்மைக்காகத்தான் கேட்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாங்கள் தமிழ் மூலம் படித்து, தமிழில் நேர்காணல் எடுத்து, தமிழ்ப் பத்திரிகைகளையும் கோயில் கணக்குக் கொப்பிகளையும் வாசித்து ஆய்வு செய்கிறோம். தரவு முழுக்கத் தமிழ். யாரைப் பற்றி எழுதினோமோ அவர்கள் வாசிக்கக்கூடிய மொழியும் தமிழ். 1987 இல் 13ஆவது திருத்தம் தமிழை அரசகரும மொழியாகச் சொன்னது. எங்கட மாநாட்டு ரெம்ப்ளேட்டுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். மாணவர்களில் ஒரு கூட்டம் "உள்ளடக்கம் நல்லா இருந்தாப் போதும், புள்ளி கமா எல்லாம் வெள்ளைக்காரன்ர விளையாட்டு" என்று கதைக்கிறது. நாங்கள் அந்தக் கட்சி இல்லை. ஒரு மேற்கோளுக்குப் பக்க எண் போடாமல் விடுவது வாசகரை நடுத்தெருவில் விடுவது. ‘மேற்படி நூல்’ என்று எழுதிவிட்டு மேலே ஒரு நூலையும் காட்டாத கட்டுரைகளைத் தமிழில் எத்தனை வாசித்திருக்கிறோம். ஆண்டு இல்லை, பதிப்பகம் இல்லை, சிலவேளை ஆசிரியர் பெயரே அரைகுறை. அதை நம்பி நூலகம் தேடிப்போனவர்களுக்குத்தான் அந்த அலைச்சல் தெரியும். உசாத்துணை என்பது பின்னால் வருகிறவருக்கு வழி காட்டுவது. ஆகவேதான் கேட்கிறோம்: தமிழில் வழிகாட்டத் தமிழுக்கு ஏற்ற விதி வேண்டும். விதிவிலக்கு வேண்டாம்.

மாநாடு முடிந்து பதாகையைக் கழற்றிய பிறகு மிஞ்சுவது தொகுப்புத்தான். தனிநாயகம் அடிகள் முன்னின்று 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கி, 1966 இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தினார்கள். அங்கே சாப்பாடு எப்படி, மேடை எப்படி என்று இன்றைக்கு எங்களுக்குத் தேவையில்லை. வாசித்த கட்டுரைகள் தொகுதிகளாக வந்தன, அதனால் இன்றும் மேற்கோள் காட்டுகிறோம். எங்கட மாநாடுகளில் காலை விளக்கேற்றலுக்கும் பொன்னாடைக்கும் நினைவுச்சின்னத்துக்கும் தனித்தனியாக ஒரு குழு. தொகுப்புக்கு, கடைசி வாரத்தில் அகப்பட்ட ஒரு தற்காலிக விரிவுரையாளர். அவரும் பாவம், மூன்று நாளில் எத்தனை கட்டுரைக்குத்தான் பக்கம் சரிபார்ப்பார்? ‘போர்மட் சரியில்லை’ என்ற வசனம் பெரும்பாலும் அவரது களைப்பிலிருந்து வருவது. அவரோடு எங்களுக்குச் சண்டை இல்லை.

2005 இலிருந்து நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் பக்கம் பக்கமாக வருடி வைக்கிறது. பழைய அச்சு, மங்கிய கடதாசி, செல்லரித்த ஓரம், அதற்குள் எழுத்தைத் தேடுவது கஷ்டம் என்பது விளங்குகிறது. ஆனால் போன வருடம் கணினியில் எழுதி, கணினியில் பக்கம் அமைத்து, கணினியில் வெளியிட்ட கட்டுரைக்குள்ளும் ஒரு சொல்லைத் தேட முடியாது என்றால் அதற்குச் செல்லைக் குற்றம் சொல்ல முடியாது.

கேட்பது பெரிய விசயம் இல்லை. அழைப்பு வெளிவரும் நாளிலேயே ஆங்கில ரெம்ப்ளேட்டோடு தமிழ் ரெம்ப்ளேட்டும் வரட்டும், சிங்களத்துக்கும் அப்படியே. யுனிகோட் எழுத்துரு ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடட்டும், அளவும் வரி இடைவெளியும் அந்த எழுத்துருவில் ரைப் பண்ணிப் பார்த்துத் தீர்மானித்ததாக இருக்கட்டும். நீளத்தைப் பக்கத்தில் சொல்லாமல் சொல்லில் சொல்லட்டும், தமிழுக்கு வேறு எண் வைத்தாலும் பரவாயில்லை. எழுதியவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே பட்டியலிலும் வரட்டும். தமிழ் உசாத்துணைகள் நெடுங்கணக்கு ஒழுங்கில் முதலில், ஆங்கிலம் பிறகு. ஆங்கிலச் சுருக்கம் கேட்பது நியாயம், வெளியில் உள்ளவர் தேடிவர அது ஒரு கதவு. ஆனால் தமிழ்ச் சுருக்கமும் முழுக் கட்டுரையும் அதே தொகுப்பில் இருக்கவேண்டும். திருப்பி அனுப்புவதானால் பக்கமும் வரியும் சொல்லி அனுப்பவேண்டும், தமிழ் வாசிக்கக்கூடிய ஒருவர் அதில் ஒப்பமிடவேண்டும்.

இதைச் செய்ய ஆள் இல்லை என்ற பதில் வரும் என்று தெரியும். அதனால் நாங்களே நாலு பக்கத்தில் ஒரு வரைவு செய்து வைத்திருக்கிறோம். புத்தகம், சஞ்சிகைக் கட்டுரை, பத்திரிகைச் செய்தி, நேர்காணல், ஓலைச்சுவடி, கல்வெட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் போட்டிருக்கிறோம். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவர்களை எப்படிக் குறிப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் வாக்குவாதம், அந்தப் பகுதியில் இரண்டு முறையையும் எழுதி விட்டிருக்கிறோம். இந்த மாதக் கடைசியில் பீடத்தில் கையளிக்கப் போகிறோம். மற்றப் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களுக்கு வேண்டுமென்றால் கேளுங்கோ, அனுப்பி வைக்கிறோம். பிழை கண்டால் பக்கமும் வரியும் சொல்லுங்கோ.