தாத்தா ரூமுக்கு எத்தனை செங்கல்?

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ரங்கூனிலிருந்து வைபரில் கூப்பிட்டார். (1989-லேயே யாங்கோன் ஆகிவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான்.) அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஆறு மாதம். தென் ஒக்கலாப்பாவில் எங்கள் வீடு கீழே செங்கல், மேலே பலகை. படுக்கை அறைகள் எல்லாம் மாடியில். அப்பா கீழே ஹாலில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

"பின்னாடி ஒரு ரூமும் பாத்ரூமும் சேத்துக் கட்டிடலாம்டா. எவ்வளவு ஆகும்னு ஒரே ஒரு நம்பர் சொல்லு, போதும்."

சிங்கப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன் நான். "எவ்வளவு ஆகும்" என்ற கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லியே பத்து வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அதனால் ஒரே நம்பர் என்றாலே பயம்.

நேரில் போய் அளந்துவிட்டு வரலாமே என்று கேட்பீர்கள். 2024 பிப்ரவரியில் அங்கே கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது. டாக்டர், இன்ஜினியர் மாதிரி தொழில் தெரிந்தவர்களுக்கு 45 வரை. எனக்கு 37. கையில் இன்னும் பர்மா பாஸ்போர்ட். "கணக்கை அங்கேருந்தே போடு, நீ வர வேணாம்" என்று நான் கேட்கும் முன்பே அம்மா சொல்லிவிட்டார்.

தெரு மேஸ்திரி ஏற்கெனவே ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். முழு வீடு கட்டும் சதுர அடி ரேட், பெருக்கல் 180. ரூம் 12-க்கு 15 அடி, பாத்ரூம் அதற்குள்ளேயே. அப்பாவும் சரி என்று தலையாட்டிவிட்டார். வெளிநாட்டிலிருந்து பெற்றோர் வீட்டுக்குப் பணம் அனுப்பும் நம்மில் பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

30-க்கு 40 அடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1,200 சதுர அடி, சுற்றுச்சுவர் 140 அடி. அதாவது 100 சதுர அடித் தரைக்கு 12 அடிச் சுவர்கூட இல்லை. எங்கள் ரூமுக்கு ஒரு பக்கம் பழைய வீட்டுச் சுவரே இருக்கிறது. அதைக் கழித்தாலும் 39 அடி புதுச்சுவர். 100 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 22 அடி. பாத்ரூமோ இன்னும் மோசம். பெரிய வீட்டில் 600 சதுர அடிக்கு ஒன்று வரும், இங்கே 180-க்கே ஒன்று. குழாய், டைல்ஸ், செப்டிக் டேங்க் எல்லாம் அந்தச் சின்ன ரூமின் தலையில்தான் விழும். கடைசியில் எங்கள் செலவில் மூன்றில் ஒரு பங்கை பாத்ரூம் பக்கமே தின்றது.

சரி, பணத்தில் கணக்குப் போடலாம் என்றால் எந்தப் பணம்? கியாட் என்று எழுதுவார்கள், சாட் என்று சொல்வோம். 2022 ஆகஸ்ட்டில் டாலருக்கு 2,100 என்று அரசு ரேட் நிர்ணயித்தார்கள். சந்தையில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. நவம்பரில் எழுதிய தொகைக்கு பிப்ரவரியில் அர்த்தம் இல்லை. அதனால் எக்செல்லில் பணத்துக்கான கட்டத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதலில் பொருளை மட்டும் எழுதினேன். விலை மாறும், செங்கல் எண்ணிக்கை மாறாது.

இதில் என் எட்டு வயது மகளும் சேர்ந்துகொண்டாள். 39 அடி நீளம், 10 அடி உயரம்: 390 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 60 போனால் 330. ஒன்பது அங்குலச் சுவருக்குச் சதுர அடிக்கு சுமார் 10 செங்கல். "3,300!" என்று கத்தினாள். உடைசலுக்கும் சேர்த்து 3,500 என்று எழுதினோம். மணலை ஊரில் யூனிட் என்பார்கள், ரங்கூனில் சின். இரண்டும் 100 கன அடிதான். பர்மாக்காரர்களும் நம்மைப் போல லட்சத்தில்தான் எண்ணுவார்கள், தெய்ன் என்று பெயர். பள்ளியில் மில்லியன் மட்டும் படிக்கும் பிள்ளைக்கு லட்சம் புரிந்தது இந்த ரூம் புண்ணியத்தில்.

மரம் என்று வந்தபோதுதான் சிரிப்பு. செட்டிநாட்டு வீடுகளில் தூண் தூணாக நிற்பது பர்மா தேக்கு. அந்தத் தேக்கு விளையும் நாட்டில் எங்கள் ஜன்னலுக்கு அலுமினியம்தான் கட்டுப்படியானது.

கம்பியில் மட்டும் அப்பாவோடு சண்டை. "ஒத்தை ரூமுக்கு எதுக்குடா இவ்வளவு கம்பி?" 2025 மார்ச் 28-இல் சகாயிங்கில் 7.7 அளவில் பூமி ஆடியபோது மண்டலே என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்தோம். அந்தப் பிளவு தெற்கே பெகு வரை வருகிறது. 1930 மே மாதம் பெகுவில் ஆடியதில் ரங்கூனிலும் உயிர்கள் போயின. கம்பி வரியில் கை வைக்கவில்லை. பழைய சுவரோடு புதுச்சுவரைப் பிணைக்காமல் நடுவில் சின்ன இடைவெளியும் விடச் சொன்னேன். பழைய அஸ்திவாரம் அமர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. புதுசு இனிமேல்தான் அமரும், சேர்த்துப் பிணைத்தால் விரிசல் நிச்சயம்.

மேஸ்திரி கணக்கில் வராத வரிகள் என் தாளில் தனியாக நின்றன. பழைய சுவரை உடைத்து வழி எடுப்பது. குப்பையை வண்டியில் ஏற்றி அனுப்புவது. சக்கர நாற்காலிக்குச் சரிவு. கரன்ட் இல்லாத நேரத்தில் மோட்டாருக்கு டீசல். நகர வளர்ச்சிக் குழுவின் அனுமதி. இதெல்லாம் யோசித்து எழுதியும் எப்படியோ குறைவாகத்தான் போடுவோம். கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன வைத்தியம், உன் திட்டத்தைப் பார்க்காதே, இதே வேலை செய்த மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று பார் என்பது. அம்மாவைத் தெருவில் விசாரிக்கச் சொன்னேன். இப்படிச் சேர்த்துக் கட்டிய மூன்று வீட்டில் இரண்டு, சொன்ன தொகையை விட ஒன்றரை மடங்கில் முடிந்திருக்கிறது. மூன்றாவது வீட்டுக்காரர் கணக்கே எழுதவில்லையாம், நிம்மதியான மனுஷன். நான் ஒன்றரையால் பெருக்கி, அதை மூன்று தவணையாகப் பிரித்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு நிமிஷம் பேசவில்லை. "அவ்வளவா?" என்றார். பிறகு, "சரி, ஆரம்பிக்கலாம். தின்ஜானுக்கு ஆளுங்க ஊருக்குப் போயிட்டா திரும்பி வர மாட்டாங்க."

ஏப்ரல் நடுவில் தின்ஜான் தண்ணீர்த் திருவிழா. மே நடுவிலிருந்து மழை. வருடத்துக்கு சுமார் 2,700 மில்லிமீட்டர் கொட்டும் ஊர். அதற்குள் கூரை ஏறியாக வேண்டும். வேலைக்கு வயதுப் பையன்கள் கிடைப்பதும் இப்போது கஷ்டம், முடிந்தவர்கள் தாய்லாந்துக்குப் போய்விட்டார்கள்.

தப்பு நடக்காமல் இல்லை. பாத்ரூம் நிலையை இரண்டரை அடியில் வைத்துவிட்டார்கள். வீடியோவில் பார்த்தால் எல்லாக் கதவும் சரியாகத்தான் தெரிகிறது! அம்மா அப்பாவின் நாற்காலியைத் தள்ளிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கை போகிற இடத்தில் நாற்காலி போகவில்லை. மூன்று அடி என்று நான் தாளில் எழுதவே இல்லை. உடைத்து மாற்றினோம்.

அப்பா மே முதல் வாரம் அந்த ரூமுக்கு மாறினார். மகள் வீடியோவில் சுவரைக் காட்டச் சொல்லி எண்ண ஆரம்பித்தாள். பூசிவிட்டதால் ஒன்றும் தெரியவில்லை என்று அவளுக்குக் கோபம். "நாம எப்ப போய்ப் பார்ப்போம்?" என்று கேட்டாள். என் தாளில் அதற்கு வரி இல்லை.

பழைய தகரமும் புதுத் தகரமும் சேருகிற இடம் ஒழுகுமா என்பது மட்டும் பாக்கி. அம்மா அதற்குக் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறார். நேற்றிரவு தூறல்தான், இன்னும் பெரிய மழை வரவில்லை.