ஒரு பக்கம் ஊமையானால்...

"வீட்டு ஸ்டீரியோ செட்டில் இடது பக்கம் பாட்டு வரலை, என்ன பண்ணலாம்?" என்று நம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "ஐசி போயிருக்கும்டா, மாத்திடு!" என்று பதில் வரும். மூடியைக் கழற்றும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது! இந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போக வேண்டும் என்பதுதான் என் கருத்து. பழுதைக் கண்டுபிடிப்பவன்தான் டெக்னீஷியன். வரிசையாகப் பாகங்களை மாற்றிப் பார்ப்பவன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நல்ல வாடிக்கையாளன், அவ்வளவே!

ஒரு மோனோ ரேடியோ நின்றுபோனால் ஒப்பிட்டுப் பார்க்க சர்க்யூட் படம் தேட வேண்டும். ஸ்டீரியோவில் அந்தக் கவலையே இல்லை. கெட்டுப்போன சேனலுக்குப் பக்கத்திலேயே நன்றாக இருக்கிற அதன் இரட்டைப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது! இங்கிலாந்தின் ஆலன் புளூம்லைன் 1931-ல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது காதின் சுகத்துக்காக. ரிப்பேர் செய்கிறவனுக்கும் அது வரமாக அமைந்துவிட்டது.

முதலில் செலவில்லாத சோதனைகள். பாலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா? பின் முழுசா உள்ளே போயிருக்கா? பாட்டு செல்போனிலிருந்து வந்தால், அதன் செட்டிங்ஸில் இடது-வலது பாலன்ஸ் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறதா?

அடுத்தது மல்டிமீட்டர். செட்டை அணைத்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். மறுபடி செட்டைப் போட்டு, பேசாத பக்கத்து ஸ்பீக்கர் முனைகள் இரண்டுக்கும் இடையே டி.சி. வோல்ட் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பல வோல்ட் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள்! அவுட்புட் பகுதியில் கோளாறு. நல்ல ஸ்பீக்கரை அங்கே மாட்டினால் அதன் காயிலும் கருகிவிடும்.

டி.சி. இல்லையென்றால் செட்டை அணைத்து, ஆம்ப்ளிஃபயர் முதுகில் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றி மாட்டுங்கள். இப்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: மௌனம் இடம் மாறியதா, இல்லையா? அதே பெட்டி ஊமையாகவே இருந்தால் பழுது ஸ்பீக்கரில் அல்லது அதன் வயரில். மற்ற பெட்டி ஊமையாகிவிட்டால் ஸ்பீக்கர் நிரபராதி!

வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையும் சிவப்பு-வெள்ளை ஆர்.சி.ஏ. பின்களை இடம் மாற்றுங்கள். மௌனம் வலது பக்கம் தாவினால் கோளாறு கேபிளில், அல்லது பாட்டு தரும் பிளேயரில். இடது பக்கமே நின்றால்தான் ஆம்ப்ளிஃபயர் குற்றவாளி. ஸ்க்ரூடிரைவருக்கு இப்போதுதான் வேலை வருகிறது.

உள்ளே போனாலும் ஐசியை ஏன் முதலில் பிடிக்க வேண்டும்? வால்யூம் கண்ட்ரோலில் தூசி, ஹெட்போன் சாக்கெட்டின் காண்டாக்ட், செலக்டர் சுவிட்ச், ஸ்பீக்கர் ரிலே, டிரை சால்டர்... இவை எல்லாம் வரிசையில் நிற்கின்றன. குமிழைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வந்து பாட்டு எட்டிப் பார்த்தால் பதில் கிடைத்துவிட்டது. கடைசியில்தான் ஐசி. எல்.ஏ. 4440-க்குள் இரண்டு சேனலும் இருக்கின்றன. இடது பின்னின் வோல்ட்டேஜை அதற்கு இணையான வலது பின்னோடு ஒப்பிடுங்கள். எங்கே வித்தியாசப்படுகிறதோ அங்கே தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். கையை உள்ளே விடும் முன் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இப்போ எல்லாம் எஸ்.எம்.டி., போர்டையே மாத்திடறாங்க. இதெல்லாம் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எந்தப் போர்டை மாற்றுவது? கேபிள் அறுந்திருந்தால் புதுப் போர்டு மட்டும் பாடிவிடுமா? செட்டைக் கொண்டுவருகிறவர் நம் கையை நம்பித்தான் காசு கொடுக்கிறார். சில ரூபாய் பின்னுக்குப் பதிலாக முழுப் போர்டுக்குப் பணம் வாங்கினால் அதற்கு அறியாமை என்றும் பெயர் சொல்லலாம், ஏமாற்று என்றும் சொல்லலாம். அவர் பர்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான்!

குறை நம்மிடம் மட்டும் இல்லை. பிராக்டிகல் தேர்வில் சர்க்யூட்டை இணைத்து அவுட்புட் காட்டினால் மார்க். கெட்டுப்போன செட்டைக் கையில் கொடுத்து "எங்கே பழுது, எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்கும் தேர்வு எங்கே? நம் பேரவை இதைக் கையில் எடுக்கலாம். மாதம் ஒரு சனிக்கிழமை, லேபில் வேண்டுமென்றே பழுதாக்கிய நாலு செட். சரிசெய்ததற்குப் பாதி மார்க். தேடிய வழியை நோட்டில் எழுதியதற்குப் பாதி மார்க். ஆசிரியர்களும் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பதறாத காரியம் சிதறாது, நண்பர்களே! நாளை ஏதோ ஒரு கம்பெனி இன்டர்வியூவில் "என்ன தெரியும்?" என்று கேட்டால் "ஐசி மாத்தத் தெரியும்" என்று சொல்லாதீர்கள். "எதனால் போச்சுன்னு கண்டுபிடிக்கத் தெரியும் சார்" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள்!