கிராமக் கணக்கும் கம்ப்யூட்டர் அட்டவணையும்

தூற்றாத நெல்லைக் குதிரில் கொட்டும் குடியானவன் இல்லை. பதரும் கல்லும் உள்ளே சென்றபின் அவற்றைப் பிரித்தெடுப்பது பெரும் பிரயாசை. ஓரிடத்துப் பதிவுகளைக் கம்ப்யூட்டர் அட்டவணையில் ஏற்றும் வேலைக்கும் இம்முறையே பொருந்தும்.

குன்றக்குடி அடங்கிய சிவகங்கைச் சீமையின் நிலக்கணக்குகள் பலமுறை உருமாறியவை. ஜமீன் கணக்கு, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபின் ரயத்துவாரிக் கணக்கு, 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் கணக்கு, இப்பொழுது கம்ப்யூட்டர்க் கணக்கு என அவை வந்திருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் பிழை புக வழியுண்டு. மேற்படி திட்டத்தின்போது புகுந்த பெயர்ப் பிழைகளுக்கும் பரப்புப் பிழைகளுக்கும் இன்றும் மனுக்கள் வந்தவண்ணம் இருக்கின்றன.

பிழை புகும் விதங்கள் சில உண்டு. 1 ஏக்கர் 20 செண்டு நிலம் 1.20 என்று எழுதப்பட்டு, ஹெக்டேர் பத்தியில் சேர்ந்துவிட்டால், அது ஏறக்குறைய 2 ஏக்கர் 96 செண்டாகிவிடும். புல எண் 12, உட்பிரிவு 3 என்பதை 12/3 என எழுதினால், கம்ப்யூட்டர் அதைத் தேதியாகக் கொண்டு மார்ச்சு 12 ஆக்கிவிடக்கூடும். பாங்குக் கணக்கு எண்ணின் முதலிலுள்ள பூஜ்யங்கள் உதிர்ந்துபோவதும் உண்டு. இது குமாஸ்தாக்களின் கவலையீனம் மட்டுமன்று. இவ்விதத் தேதிக் குழப்பத்தினாலேயே மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு 2020-இல் சில பெயர்களை மாற்ற நேர்ந்தது.

இதன் நஷ்டம் ரயத்தைச் சார்கிறது. 2019-இல் தொடங்கிய, ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதம மந்திரி உதவித் திட்டத்துக்கும், 2025-இல் தமிழ்நாட்டில் பதிவு தொடங்கிய உழவர் அடையாள எண்ணுக்கும், ஆதாரும் நிலப்பதிவும் ஒத்திருத்தல் அவசியம். ஒரு வரி பிசகினால் தவணை தடைப்படும்.

ஆகையால், பதிவுகளை நிலையான அட்டவணையில் நேரே ஏற்றலாகாது. முதலில் தற்காலிக அட்டவணை ஒன்றில் இருத்த வேண்டும். உட்பிரிவையும் பாங்குக் கணக்கையும் எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகவே கொள்ள வேண்டும். வரிகளின் எண்ணிக்கையும் கிராமத்தின் மொத்தப் பரப்பும் 'அ' பதிவேட்டோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வாத வரிகளை நீக்கிவிடவும் கூடாது, ஊகித்து நிரப்பவும் கூடாது; தனிப் பட்டியலாக வைத்து, உரியவரை விசாரித்தபின்னரே சேர்க்க வேண்டும். இவற்றிற்கு மேலாக, அந்தப் பட்டியலைக் கிராமத்தார் முன் படித்துக் காட்ட வேண்டும். மூன்றாம் உட்பிரிவு எவர் அநுபவத்தில் உள்ளது என்பதை யந்திரம் அறியாது. பக்கத்து வயற்காரர் அறிவார்.

இதனால் காலதாமதம் ஆகும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஏற்றுவதற்கு முன் செலவாகும் சில நாட்கள் சர்க்காருடையவை. ஏற்றியபின் தாலுகா ஆபீசுக்கு நடக்கும் நாட்களோ குடியானவனுடையவை. இதில் எதைக் குறைப்பது நியாயம் என்பதில் ஐயமில்லை.

கிராமத்தாரைக் கூட்டி வைத்தே கிராமத்துக்குத் திட்டம் வகுக்கும் முறையைக் குன்றக்குடி அடிகளார் (1925–1995) கைக்கொண்ட ஊர் குன்றக்குடி. வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேயே இருக்கிறது. பட்டியலைப் படித்துக் காட்டும் வழக்கம் அவ்வூரில் தொடங்குவது பொருத்தமாகும். நிலச்சுவான்தார்களும் அடுத்த ஜமாபந்திக்கு முன் தத்தம் சிட்டாவிலுள்ள பெயர், உட்பிரிவு, பரப்பு ஆகிய மூன்றையும் பழைய பட்டாவுடன் ஒப்பிட்டு, பிசகு இருப்பின் கிராம நிர்வாக அதிகாரியிடம் எழுத்து மூலம் தெரிவித்தல் நலம்.